வாடைக்குக் கேட்காத ரேடியோ

திருத்தணி
10-12-1978

அக்கா,

தந்தி கிடைத்திருக்கும். அம்மா நலம், வீடு போயிற்று, கெங்கம்மா அத்தை இல்லை என்பதற்கு மேல் தந்தியில் என்ன சொல்ல முடியும்? மிச்சத்தை எழுதாமல் கோபத்தை அடக்கி வைத்திருந்தேன். இன்று அடக்க முடியவில்லை.

புயல் மழையில், விடிகிற நேரத்தில் ஏரி கலங்கல் பக்கம் உடைந்தது. தண்ணீர் நேராக நம் காலனிக்குள் வந்தது. ஊர் மேட்டில் இருக்கிறது, அங்கே ஒரு வாசல்கூட நனையவில்லை. அத்தை ஆடுகளை அவிழ்த்துவிடப் போனாள். ஆடுகள் பிழைத்துக்கொண்டன. பங்காரு மாமா அந்த ஆடுகளைப் பிடித்துக்கொண்டு யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்.

இனிமேல் ஏரிக்குக் கீழே இருக்க மாட்டோம், ஊருக்கு மேற்கே இருக்கும் புறம்போக்கு மேட்டில் மனை கொடுங்கள் என்று மனு கொடுத்தோம். நேற்று தாலுகா ஆபீசிலிருந்து பதில் வந்தது. அப்படியே எழுதுகிறேன்: "புயல் எச்சரிக்கை முன்தினம் மாலையே பஞ்சாயத்து ரேடியோவில் ஒலிபரப்பப்பட்டது. காலனிவாசிகள் அதைக் கேட்டும் அலட்சியமாக இருந்துவிட்டனர். எனவே குறை இருப்பிடத்தில் இல்லை." சனங்கள் கேட்டார்கள் என்று இவர்களுக்கு யார் சொன்னது? அதற்கும் ஆதாரம் காட்டியிருக்கிறார்கள். டெல்லியில் உங்கள் ஆராய்ச்சி நிலையம் போட்ட புத்தகம். "இக்காலனியில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பஞ்சாயத்து ரேடியோவைக் கேட்கிறார்கள்."

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஆடி மாதத்தில் நீயும் இரண்டு பெண்களும் கேள்வித்தாளோடு வந்தீர்களே, அந்தக் கணக்கு. காலனியே உன்னைப் பார்த்துப் பூரித்துப் போயிற்று. "சின்னம்மா பொண்ணு ரேடியோ ரிப்பேர் படிக்கிறா" என்று அம்மா பெயரைச் சொல்லிப் பேசிக்கொண்டார்கள். நீ கேட்டதற்கெல்லாம் "ஆங், ஆங்" என்றார்கள். அந்த "ஆங்" இன்று அத்தையின் சாவுக்கு அவளையே குற்றவாளி ஆக்கியிருக்கிறது.

நம் தெருவில் முதல் எம்.ஏ. நீ. உன்னைக் காட்டித்தான் என்னைப் படி படி என்று அம்மா அடித்தாள். இப்போது சொல், இந்தப் படிப்பு யாருக்காக?

ஆனந்தன்


டெல்லி
18-12-1978

ஆனந்தா,

உன் கடிதத்தை விடுதி மாடிப்படியிலேயே நின்று படித்தேன். அத்தைக்காக இங்கே அழ யாரும் இல்லை. இந்த அறையில் என்னோடு இருப்பவளுக்கு நம் ஊர் இருக்கும் திசைகூடத் தெரியாது. அதனால் அழுது முடித்துவிட்டு எழுதுகிறேன்.

படிப்பு யாருக்காக என்று கேட்டாய். பதில் சொல்ல எனக்கு இன்னும் யோக்கியதை வரவில்லை. அதற்கு முன்னால் சில விஷயம் தெரிய வேண்டும். எச்சரிக்கை வந்த அன்று மாலை காலனியில் யார் யார் எங்கே இருந்தார்கள்? ரேடியோ போட்டது காதில் விழுந்ததா? விழுந்தால் என்ன வார்த்தை விழுந்தது? காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடித்தது?

போய் கேள். "கேட்கவில்லைதானே?" என்று கேட்காதே. பதிலை நீயே அவர்கள் வாயில் ஊட்டிவிடுவாய். "அன்னிக்கு சாயந்திரம் இன்னா பண்ணிகினு இருந்தீங்க" என்று மட்டும் ஆரம்பி. ரேடியோ என்ற பேச்சை அவர்கள் எடுக்கும் வரை நீ எடுக்காதே. உன் கோபத்தை, நீ எழுத்துக் கோக்கும் திருத்தணி அச்சகத்திலேயே மாட்டிவிட்டுப் போ.

ஜெயம்மாள்


திருத்தணி
7-1-1979

அக்கா,

நீ சொன்னபடியே கேட்டேன். கோபத்தை மாட்டிவிட்டுத்தான் போனேன், பஸ்ஸில் அதுவும் ஏறி வந்துவிட்டது.

பங்காரு மாமா முதல்முறையாக வாயைத் திறந்தார். "அன்னிக்கு சாயந்திரமா? ஆட்டுக்குத் தழை ஒட்ச்சிகினு இருந்தேன். வாடை காத்து மூஞ்சில அட்ச்சிது. உங்கத்த கஞ்சி காச்சிகினு இருந்தா. வேற இன்னா?" ரேடியோவைப் பற்றி அவர் பேசவே இல்லை. நானாக எதுவும் கேட்கவில்லை. கடைசியில் அவரே சொன்னார்: "ரேடியோவா? அது ஆடில தான் பேசும். வாடைல அதுக்கு ஏது வாயி?"

அவர் கேலி செய்யவில்லை அக்கா. காலனியில் எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும். ரேடியோ ஆடியில் பேசும், ஐப்பசியில் பேசாது. மழைக்காலத்தில் பஞ்சாயத்தில் ரேடியோ போடுவதில்லை என்றே நினைத்திருக்கிறார்கள். பஞ்சாயத்து ஆபீசில் ரேடியோ போடும் சிங்காரத்தைக் கேட்டேன். "தினம் போடறேன் தம்பி, ஒரு நாளு வுட்டதில்ல" என்கிறார்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. ஒலிபெருக்கி ஊருக்கு நடுவில், மேற்கே பார்த்து இருக்கிறது. நம் காலனி கிழக்கே. நம் மேல் பட்ட காற்று ஊர் மேல் படக்கூடாது என்று எந்தக் காலத்திலோ நம்மைக் கிழக்கே தள்ளினார்கள். மேல்காற்று அடிக்கிற ஆடியில் ஊர்ச் சத்தமெல்லாம் நம்மிடம் வரும். வடகிழக்கிலிருந்து அடிக்கிற வாடையில் அதே சத்தம் மேற்கே போய்விடும். நீ எண்ண வந்தது ஆடியில். புயல் வருவது கார்த்திகையில்.

போதும். இதற்கு மேல் என்ன ஆராய்ச்சி? நானே எழுத்துக் கோத்து ஒரு நோட்டீஸ் அடித்துவிட்டேன். "டெல்லி ஆராய்ச்சியின் பொய்" என்று தலைப்பு. பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை பஸ்களில் கொடுத்தோம். ஒன்றை உங்கள் நிலையத்துக்கும் தபாலில் அனுப்பியிருக்கிறேன்.

ஆனந்தன்


டெல்லி
22-1-1979

ஆனந்தா,

உன் நோட்டீஸ் என் பேராசிரியர் மேசையில் இருக்கிறது. மொழிபெயர்க்கச் சொல்லி என்னையே கூப்பிட்டார். ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தேன். அச்சடித்தவன் யார் என்று கேட்டார். என் தம்பி என்றேன்.

"காற்றைப் பற்றி ஆராய வேண்டுமானால் வானிலை இலாகாவுக்குப் போ அம்மா. இது தகவல் தொடர்பு" என்றார். அந்தப் புத்தகத்தை வைத்து நூறு கிராமங்களுக்கு ரேடியோ வாங்கித்தரச் சொல்லி சர்க்காரிடம் கேட்டிருக்கிறார்கள். அந்த எண் தப்பு என்று சொன்னால் ஒரு கோட்டையே சரியும். உன் நோட்டீஸுக்கு மறுப்பு எழுதிக் கையெழுத்துப் போட ஒரு மாதம் கொடுத்திருக்கிறார்.

போட மாட்டேன். அதற்காக உன் நோட்டீஸையும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த எண் பொய்யில்லை. ஆடியில் தொண்ணூறு பேர் கேட்டார்கள். ஆடியைக் கொண்டு வருஷம் முழுவதற்கும் தீர்ப்பு எழுதியதுதான் அநியாயம். நீ பொய் என்று கத்தினால், "பையன் ஆத்திரக்காரன்" என்று ஒரு சிரிப்பில் அவர்கள் கதவைச் சாத்திவிடுவார்கள். உன் கோபம் பஸ்ஸில் கொடுத்த காகிதத்தோடு முடிந்துவிட்டது. என் கோபம் ஒரு வருஷம் ஓடியாக வேண்டும்.

ஒரு வருஷம் காதால் அளக்கப் போகிறோம். காலனியில் மேலண்டை, நடு, கீழண்டை என்று மூன்று இடம். சாயங்காலச் செய்தி நேரத்தில் ஒவ்வொரு இடத்திலும் ஒருவர் நிற்க வேண்டும். காதில் விழுந்த வார்த்தையை விழுந்தபடி சொல்ல வேண்டும். அறுந்து வந்தால் அறுந்தபடி. காற்று எந்தத் திசை என்று சேர்த்துக்கொள். ஊருக்குள்ளும் ஒருவர் வேண்டும், அவர் முழுச் செய்தியையும் எழுத வேண்டும். அப்போதுதான் என்ன காணாமல் போயிற்று என்று தெரியும்.

அவசரப்படாதே என்று சொல்லவில்லை. அவசரத்தைத் தினமும் கொஞ்சமாகச் செலவு செய் என்கிறேன்.

ஜெயம்மாள்


திருத்தணி
2-8-1979

அக்கா,

ஆடிக் கிருத்திகைக்கு மலையடிவாரம் முழுக்கக் காவடிக் கூட்டம். அச்சகத்தில் நிற்க இடமில்லை. அந்தச் சந்தடியிலும் உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். பெரிய மனுஷி உன்னிடம் நான் தோற்றுப்போனதைச் சொல்லத்தான்.

முதல் வாரம் நானும் பங்காரு மாமாவும் மட்டும்தான் நின்றோம். ஊர்க்காரர்கள் "இன்னாடா, டெல்லிக்காரி காத்து புடிக்கச் சொன்னாளா?" என்று சைக்கிளை நிறுத்திச் சிரித்தார்கள். அதற்குப் பிறகு கமலா வந்தாள், கன்னியம்மா வந்தாள். இப்போது செய்தி நேரம் ஆனால் காலனியே பேச்சை நிறுத்துகிறது. மாமியார் மருமகள் சண்டைகூட அந்தக் கொஞ்ச நேரம் நிற்கிறது. அதற்காகவே உனக்குக் கோயில் கட்டலாம் என்கிறாள் கமலா.

ஊருக்குள் முழுச் செய்தி எழுதித்தருவது யார் தெரியுமா? சிங்காரமேதான். பஞ்சாயத்து பிரசிடெண்டுக்குத் தெரியாமல் எழுதித் தருகிறார்.

தை மாதத்தில் கன்னியம்மா காதில் விழுந்ததைக் கேள்: "வங்கக்... மாடுகளுக்கு... நன்றி." அவ்வளவுதான். சிங்காரம் எழுதியதில் ஒரு பக்கம் இருக்கிறது. இந்த ஆடியில் அதே இடத்தில் மணிமணியாகக் கேட்கிறது, செய்தி வாசிப்பவர் தொண்டையைச் செருமுவதுகூட. பங்காரு மாமா சொல்கிறார்: "ஆடில எருவு எப்டி போடறதுன்னு சொல்றான். கார்த்திகைல ஓட்றா ஓட்றான்னு சொல்றது மட்டும் நம்மளுக்கு இல்ல."

மனுவுக்காக மறுபடியும் பிரசிடெண்டைப் பார்த்தேன். நாற்காலியில் உட்கார்ந்தபடியே சொன்னார்: "வேற எங்க வேணா கேளுப்பா, வடக்க கேளு, தெக்க கேளு. மேக்கால மட்டும் கேக்காத." ஏன் என்றேன். "அது ஊருக்கு மேல்காத்து வர்ற பக்கம்" என்றார். கூச்சமே இல்லாமல் சொன்னார். அடிக்க ஓங்கிய கையைப் பையில் விட்டுக்கொண்டு வந்தேன். அவர் சொன்னதைச் சொன்னபடி எழுதி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். உன் பாடம்தான்.

ஒன்று சொல்லவேண்டும். அந்த நோட்டீஸ் அடித்தபோது நான் ஒரு வீரன் என்று நினைத்தேன். தினமும் வாடையில் நின்று ஒன்றும் கேட்காததை ஒன்றும் கேட்கவில்லை என்று எழுதிப் பார்த்தபோதுதான் உன் வேலை என்ன என்று புரிந்தது.

உன் சேதி ஒன்றும் எழுத மாட்டேன் என்கிறாய். பேராசிரியர் என்ன செய்தார்?

ஆனந்தன்


டெல்லி
14-2-1980

ஆனந்தா,

நீங்கள் அனுப்பியது எல்லாம் வந்து சேர்ந்தது. கன்னியம்மாவின் அறுந்த வாக்கியங்களைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

நீ கேட்டதால் சொல்கிறேன். பேராசிரியர் என் ஆய்வேட்டில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். உதவித்தொகையும் நின்றது. அம்மாவிடம் சொல்லாதே. சாயங்காலம் ஒரு டுடோரியலில் பாடம் சொல்கிறேன், சாப்பாடு நடக்கிறது. எது எந்தக் காற்றில் எங்கே கேட்டது என்று உங்கள் குறிப்பை வைத்து ஒரு வரைபடம் போட்டு, போன மாதம் கருத்தரங்கில் காட்டினேன். பின்வரிசையில் ஒருவன், "ரிசர்வேஷனில் வந்தால் ஒலிபெருக்கியிலும் ரிசர்வேஷன் கேட்பார்கள்" என்றான். கூட்டம் சிரித்தது. என் பேராசிரியர் சிரிக்கவில்லை, ஆனால் வாயையும் திறக்கவில்லை.

அன்று ஊருக்கே வந்துவிடலாம் என்று பெட்டியைக் கட்டினேன். பெட்டியில் கடைசியாக வைக்க எடுத்தது சுவரில் இருந்த அந்தக் காகிதம். "வங்கக்... மாடுகளுக்கு... நன்றி." என்னையும் மீறிச் சிரித்துவிட்டேன். பெட்டியை அவிழ்த்தேன்.

வேறு துறையில் ஒரு அம்மாள் இருக்கிறார், வங்காளி. யாரோடும் ஒட்டாதவர். முழுவதையும் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதை ஏன் இதுவரை யாரும் கேட்கவில்லை?" நான், "கேட்கிறவர்கள் எல்லாம் லீவில்தான் கிராமத்துக்கு வருகிறார்கள், வாடையில் வருவதில்லை" என்றேன். அவர் என்னை ஏற்றுக்கொண்டார். ஆனால் பதிவை மாற்றி, ஆய்வேட்டைப் புதிதாக எழுத வேண்டும். இவ்வளவு வருஷம் எழுதியதில் பாதி வீண். எனக்கு இருபத்தெட்டு வயது. பயமாக இருக்கிறது ஆனந்தா. உனக்கு மட்டும் சொல்கிறேன்.

வரைபடத்தையும் ஒரு வருஷக் குறிப்பையும் ஆங்கிலத்தில் அடித்துக் கலெக்டருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். யாராவது நேரில் பார்க்க வந்தால் வாடையில் வரச் சொல்லுங்கள். ஆடியில் வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

ஜெயம்மாள்


திருத்தணி
23-11-1980

அக்கா,

வந்தார்கள்! வாடையில்தான் வந்தார்கள். சப்-கலெக்டர், சின்ன வயசு. கையில் உன் வரைபடம். காலனி நடுவில் நின்று கடிகாரத்தைப் பார்த்தார். செய்தி ஆரம்பித்தது. அக்கா, ரேடியோ கணீரென்று கேட்டது!

எனக்கு உயிரே போய்விட்டது. பிரசிடெண்ட் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், முகத்தில் ஒரு சாந்தம். சப்-கலெக்டர் சனங்களைப் பார்த்து, "கேட்கிறதா?" என்றார். நம் சனம் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்குமா? "ஆங், கேக்குதுங்க" என்று நாலைந்து பேர். நம் அம்மா உட்பட! கேட்டால் கேட்கிறது என்றுதானே சொல்ல வேண்டும், உன் டிரெயினிங் அப்படி.

அப்போது பங்காரு மாமா ஆட்டுக்கயிற்றோடு முன்னால் வந்தார். "இன்னிக்கு கேக்குதுங்க. இன்னிக்கு ரேடியோ குழா எங்களப் பாத்துகினு கீது. நீங்க போயிட்டா அதுவும் மூஞ்ச திருப்பிக்கும்."

சப்-கலெக்டர் சிங்காரத்தைக் கூப்பிட்டார். சிங்காரம் பிரசிடெண்டைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "காலைலதாங்க திருப்பனேன். திருப்பச் சொன்னாங்க" என்றார். யார் சொன்னது என்று அவர் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

"எப்படி இருந்ததோ அப்படியே வை" என்றார் சப்-கலெக்டர். சிங்காரம் ஊருக்குள் ஓடினார். நாங்கள் காலனியிலேயே நின்றோம். ரேடியோ பேசிக்கொண்டே இருந்தது. தஞ்சாவூர்ப் பக்கம் ஏதோ பாலம் திறந்த செய்தி. மந்திரி பேசுகையில் என்று ஆரம்பித்தார் வாசிப்பவர், அந்த வாக்கியத்தின் நடுவில் காணாமல் போனார். வாடைக்காற்றும் பங்காரு மாமாவின் ஆடும்தான் மிச்சம். சப்-கலெக்டர் காதுக்குப் பின்னால் கையை வைத்துப் பார்த்தார். தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அப்புறம் கையை இறக்கிவிட்டுக் கேட்டார்: "கெங்கம்மா எங்கே இறந்துபோனார்?" பங்காரு மாமா கொண்டுபோய்க் காட்டினார்.

ஜீப்பில் ஏறும்போது என்னிடம், "இந்த வரைபடம் போட்டவர் யார்?" என்றார். எங்க அக்கா என்றேன். அந்த மூன்று எழுத்தைச் சொல்ல இவ்வளவு பெருமையாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

ஆனந்தன்


டெல்லி
9-5-1981

ஆனந்தா,

நேற்று வாய்மொழித் தேர்வு முடிந்தது. பட்டம் கொடுக்கப் பரிந்துரைத்துவிட்டார்கள். என் பழைய பேராசிரியர் தேர்வுக்கு வந்து பின்னால் உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் எழுந்து, "புத்தகத்தின் அடுத்த பதிப்பில் எந்த மாதத்தில் எண்ணியது என்று போடச் சொல்லியிருக்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதுவே அவருக்கு மலை ஏறி இறங்கிய மாதிரி.

கெங்கம்மா அத்தை பெயரை என் ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் போட்டிருக்கிறேன். தேர்வாளர் ஒருவர் இவர் எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்டார்.

மனை என்ன ஆயிற்று? அதைச் சொல்லாமல் வாழ்த்து எழுதாதே.

ஜெயம்மாள்


திருத்தணி
26-7-1981

டாக்டர் அக்காவுக்கு,

மனை கிடைத்துவிட்டது. மேற்கே, அதே மேட்டில். ஊரில் கடைசிவரை முட்டுக்கட்டை போட்டார்கள். பிரசிடெண்டின் "மேக்கால மட்டும் கேக்காத" பேச்சை நான் எழுதி அனுப்பியிருந்தேனே, அதையும் சேர்த்து நீ கலெக்டருக்கு அனுப்பியிருக்கிறாய். அந்தக் காகிதத்தைப் படித்த பிறகு வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு ஒரு காரணமும் மிஞ்சவில்லை. பங்காரு மாமாவுக்கு முதல் மனை.

ஆடி என்றும் பார்க்காமல் போன வாரம் எல்லாரும் குடிபோனோம். ஓலைக்குடிசைதான், ஆனால் ஏரி கண்ணுக்குக் கீழே கிடக்கிறது. செய்தி நேரம் வந்ததும் பழக்க தோஷத்தில் எல்லாரும் வாசலில் வந்து நின்றார்கள். ஆடிக்காற்று. ஒலிபெருக்கி நம்மைப் பார்த்து இருந்தும் ஒன்றும் கேட்கவில்லை. இப்போது நாம் மேற்கே, காற்று நம்மைத் தாண்டி ஊருக்குப் போகிறது. வாடையில்தான் இங்கே கேட்கும். புயல் காலத்துக்குக் கேட்டால் போதும் என்றாலும், ஆடிக்கு என்ன செய்வது? உன் ஆராய்ச்சி முடியவில்லை. இன்னொரு ஒலிபெருக்கி கேட்டு எழுது.

கமலா வருத்தப்பட்டாள். "ஆடில எருவு சொல்லுவான், பாட்டு போடுவான், அதுவும் போச்சே" என்றாள். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள்:

"போனா போவட்டும் வுடுடி. இத்தினி வருசமா ஆடில அவுங்க பேசுனாங்க, நாம கேட்டோம். இனிமே நாம பேசறோம். அவுங்க கேக்கட்டும்."

சொல்லிவிட்டு வாசலுக்கு வந்து, ஊரைப் பார்த்து நின்று, "ஆனந்தா! சோறு ஆறுது, வாடா!" என்று கூப்பிட்டாள். நான் அவளுக்குப் பக்கத்திலேயேதான் நின்றிருந்தேன் அக்கா.

ஆனந்தன்